தூக்கமின்மைக்குச் சீன ஊசியும் காது விதையும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நடுநிசி | மார்ச் 3, இரவு 2:52

வணக்கம். நேரத்தைப் பார்த்தாலே என் கதை புரிந்துவிடும். பதினோரு மணிக்குப் படுத்தால் பன்னிரண்டுக்குள் கண் அசந்துவிடுகிறது. ஆனால் இரண்டரை, இரண்டே முக்காலுக்கு யாரோ உலுக்கி எழுப்பியதுபோல் விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கிடக்கிறேன். 14 மாதமாக இதே பாடு. வயது 51, மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. இருப்பது சிங்கப்பூர், உட்லண்ட்ஸ். பாலிகிளினிக்கில் இரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், குறை ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்குத் தூக்க மாத்திரை தந்தார்கள். போட்டால் தூக்கம் வருகிறது, நிறுத்தினால் பழைய குருடி கதவைத் திறடி.

போன சனிக்கிழமை எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தோல் நிறத்தில் சின்னச் சின்னச் சதுர ஒட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகு மாதிரி ஒரு கருப்பு விதை. இடது காதில் ஐந்து இடத்தில் ஒட்டிவிட்டு, "படுக்கப் போகும்போது ஒவ்வொன்றையும் அழுத்து, லேசாக வலிக்கும்வரை அழுத்து" என்றார். அன்றிரவு நாலரை வரை தூங்கினேன்! தற்செயலா, விதை செய்த வேலையா, தெரியவில்லை. தன்னுடைய சின்சேயிடம் (சீன வைத்தியர்) கூட்டிப்போகிறேன் என்று இப்போது சொல்கிறார். அங்கே ஊசி (அக்குபங்சர்) போடுவார்களாம். எனக்கு ஊசி என்றாலே கை நடுங்கும். யாராவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

---

ஷாங்காய்வாசி | மார்ச் 3, காலை 8:10

அக்கா, நான் ஷாங்காய்க்கு வந்து 11 வருடம் ஆகிறது. கம்பெனி மாறிய ஒரு வருடத்தில் எனக்கும் தூக்கம் சுத்தமாகப் போயிற்று. என்னுடைய சிக்கல் உங்களுக்கு நேர்மாறு, மூன்று மணிவரை கண்ணே மூடாது. உடன் வேலை பார்க்கும் சீனப் பெண் ஒருவர் இங்கே ஒரு சீன மருத்துவ ஆஸ்பத்திரியின் "ஜென்ஜியு" பிரிவுக்கு அழைத்துப்போனார். ஜென் என்றால் ஊசி, ஜியு என்றால் மூலிகைப் பஞ்சைக் கொளுத்திச் சூடு காட்டுவது. இரண்டும் சேர்ந்த ஒரே சொல்தான் சீனத்தில். நாம்தான் ஊசியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

உள்ளே நுழைந்ததும் புகை வாசனை. நம் ஊரில் மாசிபத்திரி என்கிறோமே, அதே இனத்துச் செடியின் இலையைக் காயவைத்து இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டுப்போல் உருட்டி வைத்திருப்பார்கள். வரிசையாகக் கட்டில், இடையில் திரைச்சீலை. டாக்டரம்மா இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். கேட்டதெல்லாம் எனக்குச் சம்பந்தமில்லாததாகத் தெரிந்தது. வாய் கசக்கிறதா, கால் ஜில்லென்று இருக்கிறதா, கனவு அதிகமா, மலம் எப்படி.

பிறகு ஊசி. பயப்படவே வேண்டாம் அக்கா. இரத்தம் எடுக்கிற ஊசியோடு இதை ஒப்பிடவே முடியாது. கால் மில்லிமீட்டர் தடிமன், முடியைவிடக் கொஞ்சம் தடிப்பு. மெல்லிய குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான், உள்ளே போனது தெரியாது. தெரிவது அதற்குப் பிறகு, அவர் ஊசியை மெதுவாகத் திருகும்போது. கணுக்காலுக்கு மேலே போட்ட ஊசியில், மரத்துப்போன கால் திரும்ப உயிர் பெறுமே, அந்த மாதிரி கனமாக ஒரு இழுப்பு பாதம்வரை இறங்கியது. நான் முகம் சுளித்ததும் அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அதற்கு "த-ச்சி" என்று பெயர், ஆற்றல் வந்து சேர்ந்தது என்று அர்த்தமாம். "சுவான், மா, ஜாங்", அதாவது குடைச்சல், மரமரப்பு, உப்பலான கனம், இதில் ஏதாவது வருகிறதா என்று ஒவ்வொரு ஊசிக்கும் கேட்பார்கள்.

உச்சந்தலையில் ஒன்று, புருவ மத்தியில் ஒன்று, காதுக்குப் பின்னால் இரண்டு, மணிக்கட்டில் இரண்டு, காலில் இரண்டு. முப்பது நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவது முறை போனபோது அந்தக் கட்டிலிலேயே குறட்டை விட்டேன் என்று பக்கத்துக் கட்டில் பாட்டி சொன்னார். வாரம் மூன்று தடவை, நான்கு வாரம் போனேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகுதான் மாற்றம் தெரிந்தது. முதல் நாளே மந்திரம் நடக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

---

ஈப்போக்காரி | மார்ச் 3, மாலை 6:35

நடுநிசி அக்கா, நான் மலேசியாவில் சீன மருத்துவம் படித்துத் தொழில் செய்கிறேன். சீனப் பள்ளியில் படித்த தமிழ்ப்பெண், அதனால் இந்த வழிக்கு வந்தேன்.

ஆன்ட்டி ஒட்டிய விதைக்கு "வாங் பு லியு ஷிங்" என்று பெயர். அரசன் ஆணையிட்டாலும் நிற்காமல் ஓடுவது என்று பொருள். தேங்கியதை ஓட வைக்கும் மூலிகை என்பதால் அந்தப் பெயர். காதில் ஒட்டும்போது மருந்துக் குணம் எதுவும் தேவையில்லை, உருண்டையாக, கெட்டியாக இருப்பதால் பயன்படுத்துகிறோம். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: காதைத் தலைகீழாகக் கிடக்கும் குழந்தையாகப் பார்த்து, எந்த இடம் எந்த உறுப்புக்கு என்று படம் போட்டவர் சீனர் அல்ல. பிரான்ஸில் லியோன் நகரத்து மருத்துவர் பால் நோஜியே, 1950களில். சீனர்கள் அதை வாங்கித் தங்கள் முறையோடு சேர்த்துக்கொண்டார்கள். காதைத் தொட்டு வைத்தியம் செய்யும் வழக்கம் அதற்கு முன்பே சீனாவில் இருந்தது, படம்தான் புதிது.

இனி உங்கள் தூக்கம். பழைய நூலான ஹுவாங்டி நெய்ஜிங்கில் விளக்கம் இப்படி வரும்: "வெய்-ச்சி" என்ற காவல் ஆற்றல் பகலெல்லாம் உடம்பின் வெளிப்புறத்தில் சுற்றும், இரவானால் உள்ளே அடங்கும். உள்ளே போனால் தூக்கம், வெளியே வந்தால் விழிப்பு. உள்ளே போக வழியில்லாமல் வெளியிலேயே சுற்றினால் கண் மூடாது. அந்த நூலின் லிங்ஷு பகுதியில் இதற்கு ஒரு கஷாயம்கூட இருக்கிறது. பன்ஷியா என்ற கிழங்கும் ஒரு வகைப் பசைத் தானியமும். அதைக் காய்ச்ச, ஆயிரம் லீ (சீனத் தூர அளவு) ஓடிவந்த ஆற்றுநீரை எடுத்துப் பத்தாயிரம் முறை அள்ளி ஊற்றி ஆற்ற வேண்டுமாம். குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்க்கும்போதே தூக்கம் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறது. முதல் தடவை வகுப்பில் அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பும் தூங்க முடியாமல் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். (பன்ஷியா பச்சையாக விஷம். கடையில் வாங்கி வீட்டில் காய்ச்சிவிடாதீர்கள்.)

தூக்கமின்மை எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதுதான் எங்கள் பாடத்தின் உயிர்நாடி. கோபம், வாய்க்கசப்பு, சிவந்த கண் உள்ளவருக்கு ஒரு வகை. யோசித்து யோசித்துச் சோறு செல்லாமல் வெளுத்துப்போனவருக்கு வேறு வகை. உங்களுக்கு இரவில் வியர்க்கிறதா? உள்ளங்கை, உள்ளங்கால் எரிகிறதா? வாய் வறள்கிறதா? அப்படியென்றால் நாங்கள் "இதயமும் சிறுநீரகமும் சந்திக்கவில்லை" என்போம், மேலே நெருப்பு, கீழே நீர் வற்றல். புள்ளிகளும் அதற்கேற்ப மாறும். இரண்டே முக்கால் மணி என்பதை மட்டும் வைத்து "ஈரல் நேரம், ஈரல் கெட்டுவிட்டது" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். எங்கள் கணக்கிலும் மணி ஒரு குறிப்பு மட்டும்தான்.

---

பழனிமலையான் | மார்ச் 3, இரவு 9:20

இதெல்லாம் நம்முடையது ஐயா. போகர் சீனத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்ததுதான் இது. நம் வர்மப் புள்ளிகளைத்தான் அவர்கள் ஊசியால் குத்துகிறார்கள். நம் ஆசான்களிடம் போகாமல் சின்சேயிடம் ஏன் போக வேண்டும்?

---

ஈப்போக்காரி | மார்ச் 3, இரவு 10:05

அண்ணா, போகரை நானும் கும்பிடுகிறேன். பழனிக்கு மூன்று முறை காவடி எடுத்த வீடு எங்களுடையது. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். வர்மத்தில் பேச்சு 108 இடங்களைப் பற்றியது. எந்த அளவு அடித்தால் என்ன ஆகும், எத்தனை நாழிகைக்குள் அதை இளக்கிச் சரிசெய்ய வேண்டும் என்பது அதன் பாடம், களரியிலிருந்து வளர்ந்த கலை. சீனத்தில் ஆற்றல் ஓடும் நாளம் நாளமாகக் கோடு போட்டு 361 புள்ளி. 1027ஆம் ஆண்டில் சோங் அரசவையில் வாங் வெய்யி என்ற மருத்துவர், ஆள் உயர வெண்கலச் சிலை செய்து புள்ளிகளில் துளை போட்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். மெழுகு பூசி உள்ளே நீர் ஊற்றி வைப்பார்களாம், சரியான இடத்தில் குத்தினால் நீர் வரும். அப்படிப்பட்ட உழைப்பை ஒரே வரியில் நம்முடையது என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வர்மத்தின் பெருமைக்கும் அது தேவையில்லை.

---

மதுரை டாக்டர் | மார்ச் 4, காலை 7:15

நான் பொது மருத்துவர். நேற்றிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன், யாரையும் புண்படுத்த அல்ல.

அம்மா, முதலில் சில கேள்விகள். குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதை வீட்டில் யாராவது பார்த்திருக்கிறார்களா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா? காலை அசைக்காமல் இருக்க முடியாத குடைச்சல்? மனச்சோர்வு? இவற்றில் ஒன்று இருந்தால் ஊசியோ விதையோ காரணத்தைத் தொடாது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் மூச்சுத்தடைத் தூக்கநோய் கூடும், பெண்கள்தானே என்று பலரும் அதைத் தேடுவதில்லை.

ஊசிக்கு ஆதாரம் எவ்வளவு என்று கேட்டால்: 2012இல், மருத்துவச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 33 சோதனைகளை, 2,293 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. எண்ணிக்கை பலன் இருப்பதுபோல் காட்டினாலும் பெரும்பாலான சோதனைகள் சரியாக நடத்தப்படாதவை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். அதற்குப் பிறகு நல்ல சோதனைகளும் வந்தன. 2017இல் ஷாங்காயில் 72 பேரை வைத்து நடத்தியது ஒன்று. பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்குப் பொய் ஊசி. பொய் ஊசி என்பது மழுங்கிய முனையுள்ளது, தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள்ளேயே நழுவிப் போய்விடும், குத்தியதுபோலவே தெரியும். நிஜ ஊசி போட்டவர்களுக்குத் தூக்கம் கூடுதலாக முன்னேறியது. நல்ல சேதிதான். ஆனால் 72 பேர் என்பது சிறிய கூட்டம். ஊசி போடுகிறவருக்கு எது நிஜம், எது பொய் என்று தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் மதிப்பது 2019இல் அமெரிக்காவில் புற்றுநோயிலிருந்து மீண்ட 160 பேரிடம் நடந்த சோதனை. ஒரு குழுவுக்கு ஊசி, இன்னொரு குழுவுக்குச் சிபிடி-ஐ என்கிற தூக்கப் பயிற்சி சிகிச்சை. எட்டு வாரத்தில் தூக்கமின்மை மதிப்பெண் (மொத்தம் 28) பயிற்சிக் குழுவுக்கு 10.9 குறைந்தது, ஊசிக் குழுவுக்கு 8.3. இரண்டு குழுவும் முன்னேறியது, பயிற்சி முந்தியது. உடம்புவலி உள்ளவர்களுக்குச் சிகிச்சை முடிவில் ஊசி கூடுதலாக வலி குறைத்தது.

அதனால் என் வேண்டுகோள்: முதலில் சிபிடி-ஐ கேளுங்கள். 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கும் முன்னதாக இதைத்தான் பரிந்துரைத்தது. சுருக்கமாக: நிஜமாகத் தூங்கும் நேரம் ஐந்தரை மணி என்றால் படுக்கையிலும் அவ்வளவு நேரம்தான். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரத்தில். இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும். கூடவே ஊசியும் போட்டுக்கொள்ள விரும்பினால் நான் தடுக்க மாட்டேன்.

---

கொங்குதேசம் | மார்ச் 4, காலை 11:40

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பாவுக்குத் தூக்கம் இல்லை என்று எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் கூட்டிப்போனோம். ஊசி கிடையாது, நாடி பார்த்து ஒரே புள்ளியை விரலால் தொடுவார். அதுவரை குறை இல்லை, அப்பா இரண்டு மூன்று நாள் நன்றாகவே தூங்கினார். அடுத்த வாரம் அவர், "எல்லா மாத்திரையும் கழிவு, உடம்பே சரிசெய்துகொள்ளும், நிறுத்துங்கள்" என்றார். அப்பா எங்களிடம் சொல்லாமல் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். 19ஆவது நாள் பக்கவாதம். இப்போது வலது கையால் டம்ளரைப் பிடிக்க முடியாது. தண்ணீர் கொடுக்கும்போது இடது கையை நீட்டுவார், ஆனால் கண் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

தொட்டதாலோ குத்தியதாலோ அப்பாவுக்கு எதுவும் ஆகவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் ஆனது. யாரிடம் போனாலும் அந்த வார்த்தையை ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

---

ஈப்போக்காரி | மார்ச் 4, பகல் 12:30

அண்ணா, படித்துவிட்டுக் கை ஓடவில்லை. அப்பாவுக்கு என் வணக்கம். நான் படித்த எந்தப் பாடத்திலும் அப்படிச் சொல்லித்தரவில்லை. அக்கா, சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சின்சேயின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

---

மதுரை டாக்டர் | மார்ச் 4, பகல் 1:05

இதைத் தூக்க மாத்திரைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. சில வகைகளில் வலிப்புகூட வரும். கொடுத்த மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

---

நடுநிசி | மார்ச் 5, இரவு 3:08

எல்லாருக்கும் நன்றி. கொங்குதேசம் தம்பி, உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் சார், குறட்டை இல்லை என்கிறார் வீட்டுக்காரர். ஆனால் ஈப்போத் தங்கச்சி கேட்டது அப்படியே எனக்கு இருக்கிறது. விழிக்கும்போது கழுத்தும் நெஞ்சும் வியர்த்து நைட்டி நனைந்திருக்கும். வயதானால் அப்படித்தான் என்று இதுவரை டாக்டரிடம் சொல்லவே இல்லை. நானே அழுத்திக்கொள்ள ஏதாவது புள்ளி சொல்வீர்களா?

---

மதுரை டாக்டர் | மார்ச் 5, காலை 6:50

அம்மா, அதுதான் முக்கியமான தடயம். மாதவிலக்கு நின்ற பிறகு வரும் வெப்ப அலை அது. அதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. அடுத்த முறை போகும்போது இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

---

ஈப்போக்காரி | மார்ச் 5, இரவு 8:15

தாராளமாக, அக்கா. நான்கு இடம் போதும்.

"ஷென்மென்", மனத்தின் வாசல். உள்ளங்கையை மேலே பார்த்து வையுங்கள். சுண்டுவிரலிலிருந்து நேராக மணிக்கட்டு ரேகைக்கு வாருங்கள். பட்டாணிபோல ஒரு எலும்பு தட்டுப்படும். ரேகையின் மேல் அதை ஒட்டி, கட்டைவிரல் பக்கமாக, நரம்பு மாதிரி ஓடும் தசைநார் ஓரத்தில் சின்னப் பள்ளம் இருக்கும். மறுகைக் கட்டைவிரல் நகம் படாமல் நுனியால் அழுத்துங்கள்.

"நெய்குவான்". அதே ரேகையிலிருந்து மூன்று விரல் மேலே, நடுவில் ஓடும் இரண்டு தசைநாருக்கு இடையில். படபடப்புக்கு நல்லது.

"சான்யின்ஜியாவ்". உள்பக்கக் கணுக்கால் முட்டுக்கு மேல் நான்கு விரல் வைத்து, எலும்பின் பின்விளிம்பில். பெரும்பாலும் தொட்டாலே வலிக்கும். கர்ப்பிணிகள் இதை அழுத்தக் கூடாது என்பது எங்கள் மரபு.

"யோங்சுவான்", பொங்கும் ஊற்று. பாதத்தை மடக்கினால் முன்பக்கத்தில் குழி விழுமே, அங்கே. சீன வீடுகளில் படுக்கும் முன் வெந்நீரில் கால் ஊறவைத்துவிட்டு இதைத் தேய்ப்பார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெந்நீர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், சூடு தெரியாமல் வெந்துவிடும்.

ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், மூச்சை மெதுவாக விட்டபடி. காது விதையை மூன்று நாலு நாளில் எடுத்துவிட்டு மறு காதுக்கு மாற்றுங்கள். தோல் சிவந்து அரித்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஊசிக்குப் போனால் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்பதையெல்லாம் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி உறை உங்கள் கண் முன்னே பிரிக்கப்பட வேண்டும்.

---

ஷாங்காய்வாசி | மார்ச் 6, காலை 7:45

டாக்டர் சார், ஒரு மனத்தாங்கல். எனக்குக் கிடைத்த தூக்கம் ஊசியாலா, அந்த முப்பது நிமிடம் போன் இல்லாமல் கண்ணை மூடிக் கிடந்ததாலா, அந்த டாக்டரம்மா என் கால் ஜில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்ததாலா என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பொய் ஊசிக்காரர்களுக்கும் இதெல்லாம் கிடைத்திருக்குமே. அப்படியென்றால் அவர்களும் கொஞ்சம் தேறியிருப்பார்களே, அதை ஏன் கழித்துவிடுகிறோம்?

---

மதுரை டாக்டர் | மார்ச் 6, இரவு 9:30

நியாயமான கேள்வி, தம்பி. கழிப்பது ஊசியின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மட்டும்தான், நோயாளிக்குக் கிடைத்த நிம்மதியை மறுக்க அல்ல. என் புறநோயாளி வரிசையில் ஒருவருக்கு நான்கு நிமிடம் கிடைத்தால் அதிகம். தூக்கம் வரவில்லை என்கிறவரிடம் கனவு வருகிறதா என்று நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று இன்று முழுதும் யோசித்தேன். நடுநிசி அம்மாவின் வியர்வை இந்த இழையில்தான் வெளியே வந்தது, அதைக் கேட்டவர் ஈப்போத் தங்கை. நான் கேட்ட பட்டியலில் அது இல்லை.

---

நடுநிசி | ஏப்ரல் 28, காலை 9:10

எட்டு வாரம் கழித்து வருகிறேன், காலை நேரத்தில்!

பாலிகிளினிக்கில் வியர்வையைச் சொன்னேன். பெண்கள் மருத்துவரிடம் அனுப்பினார்கள், அந்தச் சந்திப்பு அடுத்த மாதம். தூக்கப் பயிற்சிக்கு ஒரு மனநல ஆலோசகர் கிடைத்தார். பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது, ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றார். முதல் பத்து நாள் அழுதுவிட்டேன். சின்சேயிடமும் போனேன், பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான். பத்து தடவை ஊசி. கணுக்காலில் அந்தக் கனம் வந்தபோது "ஜாங்!" என்று நானே கத்தினேன், அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆலோசகர் கொடுத்த தூக்கமின்மைக் கேள்வித்தாள், ஏழு கேள்வி, மொத்தம் 28. ஆரம்பத்தில் 20 வாங்கினேன். நேற்று 11. இன்னும் வாரத்தில் இரண்டு மூன்று இரவு விழிப்பு வருகிறது. வந்தால் எழுந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டை அழுத்துகிறேன், போனைத் தொடுவதில்லை. எது வேலை செய்தது என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆன்ட்டிக்குப் போன வாரம் கண்புரை ஆபரேஷன் நடந்தது. விதை ஒட்ட இப்போது அவருக்குக் கண் தெரிவதில்லை. இன்று சாயங்காலம் நான் போய் அவருக்கு ஒட்டிவிட வேண்டும். வலது காது முறை.